சைனீஸ் ரெஸ்டாரன்ட்ல வெஜ் சூப் கேட்டா எந்த ஸ்டாக் (எலும்போ காயோ கொதிக்க வச்ச தண்ணி) ஊத்துறாங்க? கடலூர், பாண்டி பக்கம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கெடிலக்கரை:

வணக்கம். எங்க வீடு மஞ்சக்குப்பம். போன மாசம் சின்னவன் பிறந்தநாளுக்குக் குடும்பத்தோட பாண்டி போயிருந்தோம். பீச் ரோட்ல கொஞ்ச நேரம் நடந்துட்டு, ராத்திரி அங்கேயே ஒரு சைனீஸ் ரெஸ்டாரன்ட்ல சாப்பிட்டோம். கடை பேரு வேண்டாம். அவங்களைத் திட்டுறதுக்காக இதை எழுதலை, எனக்கு விவரம் தெரியணும்.

எங்க அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ஊரு குறிஞ்சிப்பாடி. சின்ன வயசுலேர்ந்து வள்ளலார் வழி. தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பாக்காம இருக்க மாட்டாங்க. முட்டைகூட கிடையாது, அதனால வீட்ல கேக் வாங்கினாலும் முட்டை போடாததுதான். ஆனா நாங்க கறி, மீன் சாப்பிடுறதை ஒரு நாளும் தடுத்ததில்லை. பக்கத்துலயே உட்கார்ந்து அவங்க தட்டுல அவங்க சாப்பிடுவாங்க. இதுல ஒரு விஷயம், அத்தைக்கு நூடுல்ஸும் ஸ்வீட் கார்ன் சூப்பும் ரொம்பப் பிடிக்கும். மெல்லவும் சுலபம், காரமும் இல்லை. வெளியில சாப்பிடப் போறோம்னா "சைனீஸ் போலாமா"ன்னு முதல்ல கேக்குறதே அவங்கதான்.

அன்னைக்கு ஸ்வீட் கார்ன் வெஜ் சூப் ஒன் பை டூ சொல்லி, அத்தையும் என் பொண்ணும் பங்கு போட்டுக்கிட்டாங்க. சப்ளையர் பையன்கிட்ட ஆர்டர் குடுக்கும்போதே சுத்த சைவம், முட்டையும் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். பாதி குடிச்சிருப்பாங்க, பொண்ணு கரண்டியில ஒரு நார் வந்துச்சு. வெள்ளையா, மெல்லிசா. கோஸா இருக்கும்னு நினைச்சு வாயில போட்டவ, "அம்மா, இது சிக்கன்"ன்னா.

கேப்டனைக் கூப்பிட்டேன். அவர் கோபமாப் பேசலை, நல்லாத்தான் பேசினார். ஆனா சொன்னது என்ன தெரியுமா? "ஸ்டாக் எல்லா சூப்புக்கும் ஒண்ணுதான் மேடம். வெஜ்ஜுக்குப் பீஸ் போட மாட்டோம், இது தவறி வந்திருக்கும். வேற கப் தரச் சொல்றேன்." வேற கப்பும் அதே பானையிலேர்ந்துதானே வரும்!

அத்தை ஒண்ணும் சொல்லலை. கப்பைத் தள்ளி வச்சுட்டு, எந்திரிச்சுப் போய் வாய் கொப்பளிச்சுட்டு வந்து, நாங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. பிள்ளைக்குப் பிறந்தநாள், பாதியில எந்திரிச்சா அவன் முகம் வாடிடும்னு என்னையும் கிளம்ப விடலை. எனக்கு ஒரு வாய் இறங்கலை. பில்லு வந்தா அந்தச் சூப்புக்கும் காசு போட்டிருந்தாங்க, அது மேல சர்வீஸ் சார்ஜ் வேற.

மத்தபடி சமையலைக் குறை சொல்ல முடியாது. சில்லி ஃபிஷ்ல மேல் மாவு மொறுமொறுன்னு, உள்ள மீன் உதிரி உதிரியா இருந்துச்சு. மஞ்சூரியன்ல செவப்புக் கலரைக் கொட்டலை. இவ்வளவு நல்லா சமைக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு சைவ சூப் தனியா வைக்கிறது அவ்வளவு கஷ்டமா?

எல்லா இடத்துலயும் இப்படித்தானா? நூடுல்ஸ், ஃப்ரைட் ரைஸ்லயும் இந்த ஸ்டாக் போகுமா? ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி என்னன்னு கேட்டா உண்மையான பதில் வரும்?

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:

இவ்வளவு யோசிக்கணுமா சகோதரி? சுத்த சைவ ஹோட்டல்லயே இப்ப சைனீஸ் போடுறாங்களே. அங்க கூட்டிட்டுப் போங்க, பிரச்சினையே இல்லை.

கெடிலக்கரை:

போயிருக்கோம் அண்ணா. அத்தை திருப்தியாத்தான் சாப்பிடுவாங்க. ஆனா பசங்களுக்குச் சிக்கன் வேணும். அத்தைக்காகப் பசங்க விட்டுக்குடுக்கறது, இல்லேன்னா பசங்களுக்காக அத்தை வீட்லயே இருந்துடறது, இதுதான் நடக்குது. ரெண்டாவது நடந்தா எனக்குத் தாங்காது. எல்லாரும் ஒரே மேசையில உட்கார்ந்து சாப்பிடணும், அதுக்கு வழி தேடுறேன்.

சட்டிமாஸ்டர்:

அம்மா, நான் சைனீஸ் செக்‌ஷன்ல சட்டி பிடிச்சவன். சென்னையில ஆரம்பிச்சு, பாண்டியில ரொம்ப காலம் இருந்து, இப்ப கடலூர் ஓல்டு டவுன்ல சொந்தமா சாயங்காலக் கடை போட்டிருக்கேன். நீங்க எழுதினதைப் படிச்சதும் மனசு சங்கடமா இருந்துச்சு. உள்ள நடக்குறதை அப்படியே சொல்லிடுறேன்.

காலையில கடை திறந்ததும் முதல் வேலை ஸ்டாக் பானை ஏத்துறது. கோழி எலும்பு, கழுத்து, இஞ்சி, செலரித் தண்டு போட்டுச் சின்னத் தீயில கொதிச்சுக்கிட்டே கிடக்கும். அடுப்புக்குப் பின்னாடி, கை எட்டுற தூரத்துல இருக்கும். ஆர்டர் குவியுற நேரத்துல மாஸ்டர் கரண்டி தானா அங்கதான் போகும். சூப், கிரேவி மஞ்சூரியன், சாப்சி (பொரிச்ச நூடுல்ஸ்) மேல ஊத்துற சாஸ், எல்லாத்துக்கும் அதுலேர்ந்துதான். உங்க பொண்ணுக்கு வந்த நாரு அந்த எலும்புல ஒட்டியிருந்த சதை. வடிகட்டாம மொண்டிருக்காங்க.

நல்ல கிச்சன்ல வெஜ் ஸ்டாக் தனியா இருக்கும். அதுக்குச் செலவும் கிடையாது. கோஸ் நடுத்தண்டு, கேரட் தோல், பீன்ஸ் நுனி, காளான் காம்பு, எல்லாம் குப்பைக்குப் போற சாமான். அதைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்டா போதும். இதைச் செய்யாத கடையில மனசு வைக்கலைன்னுதான் அர்த்தம், வசதி இல்லாம இல்லை.

ஸ்டாக்கைவிட எனக்கு அதிகமா உறுத்துறது வேற ரெண்டு இருக்கு. ஒண்ணு, பொரிக்கிற எண்ணெய். கோபியையும் (காலிஃப்ளவர்) சிக்கனையும் ஒரே சட்டி எண்ணெயில போடுவாங்க. கேப்டனுக்கே இது தெரியாது, அவர் உள்ள வந்து பாக்குறதில்லை. இன்னொண்ணு சிக்கன் ப்ராத் பவுடர். உப்பு டப்பா, அஜினமோட்டோ டப்பா, மிளகுத்தூள் டப்பாவோட வரிசையில அதுவும் நிக்கும். பழக்கத்துல வெஜ் ஃப்ரைட் ரைஸ்லயும் ஒரு சிட்டிகை விழுந்துடும். சாதத்துல கலந்தப்புறம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

சாஸ்ல, சோயா சாஸ் சோயாவும் கோதுமையும், அதுல பயமில்லை. ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியிலேர்ந்து எடுக்குறது, கூடவே கூடாது. காளான்ல செய்யுற சைவ ஆய்ஸ்டர் சாஸும் வருது, எது வச்சிருக்காங்கன்னு கேக்கணும். அஜினமோட்டோவைப் பத்திப் பல பேரு பல விதமா சொல்வாங்க, ஆனா அது சைவம்தான். நம்ம நெல்லிக்குப்பம் ஆலையில கரும்புச் சர்க்கரை எடுத்த பிறகு மொலாசஸ் மிஞ்சும் பாருங்க, அந்த மாதிரி பாகு, இல்லேன்னா மரவள்ளி மாவு, இதை நொதிக்க வச்சு எடுக்குறது. நூடுல்ஸ்ல முட்டை சேர்த்த நூடுல்ஸ் இருக்கு. சேர்க்காதது வேணும்னு சொல்லிடுங்க.

சட்டி கழுவுறதையும் சொல்லணும். சைனீஸ் அடுப்பு மேலேயே தண்ணிக் குழாய் இருக்கும். ஒரு ஐட்டம் இறக்கினதும் அதே சட்டியில தண்ணி விட்டு, பிரஷ்ஷால ஒரு சுத்து தேய்ச்சுக் கொட்டிட்டு அடுத்ததை ஆரம்பிப்போம். அதைக் கழுவினதுன்னு உங்க மாமியார் ஒத்துக்க மாட்டாங்க, நானும் ஒத்துக்கச் சொல்ல மாட்டேன். சோப்பு போட்டுக் கழுவின தனிச் சட்டி, தனிக் கரண்டி வேணும்.

எப்படிக் கேக்குறதுன்னா, "வெஜ்ஜா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. "வெஜ் ஸ்டாக் தனியா இருக்கா? கோபி பொரிக்க எண்ணெய் தனியா? தனிச் சட்டியில போட்டுத் தருவீங்களா?"ன்னு கேளுங்க. சப்ளையர் பசங்க நிறைய பேரு வடக்கேயிருந்தும் நேபாளத்துலேர்ந்தும் வந்தவங்க, தமிழ் அரைகுறையாத்தான் புரியும். அதனால கேப்டன் மூலமா மாஸ்டர்கிட்டயே கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது. மழுப்புனா மோர் குடிச்சுட்டுக் கிளம்பிடுங்க.

நேரமும் முக்கியம். சாயங்காலம் ஏழு மணிக்குள்ள போங்க. எண்ணெய் புதுசு, சட்டி காலி, மாஸ்டர் காதுக்கு நீங்க சொல்றது எட்டும். ஞாயித்துக்கிழமை ஒன்பது மணிக்கு கிச்சன்ல யார் சொன்னாலும் யாருக்கும் கேக்காது.

புரட்டாசி மாசம் பாருங்க, இதே கடைங்க தனி அடுப்பு, தனி எண்ணெய்னு போர்டு வைக்கும். அப்போ முடியுது. மத்த பதினோரு மாசம் ஏன் முடியலை? ஆச்சரியம் என்னன்னா, சீனாவுல புத்த மடங்கள்ல சைவச் சமையல் காலங்காலமா நடக்குது. டோஃபு, காளான், கோதுமை மாவைக் கழுவி எடுக்குற பசையை வச்சே விருந்து போடுவாங்க, பூண்டு வெங்காயம்கூட இல்லாம. சைவமா செஞ்சா சைனீஸ் ருசி வராதுன்னு எந்த மாஸ்டராவது சொன்னா நம்பாதீங்க.

முத்தியால்பேட்டை:

நான் பாண்டியிலேயே பிறந்து வளர்ந்தவ. இங்க வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க ஊர்ல சைனீஸ் மெனுவோட வியட்நாம் ஐட்டமும் கலந்து கிடக்கும். பிரெஞ்சுக்காரங்க காலத்துல இங்கேர்ந்து நிறைய பேரு சைகோனுக்கு வேலைக்கும் பட்டாளத்துக்கும் போனாங்க, சில பேரு அங்கேயே கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. எங்க பாட்டியும் அப்படி வந்த குடும்பம்தான். அந்த வழியில வந்ததுதான் நெம். பாக்க ஸ்ப்ரிங் ரோல் மாதிரியே இருக்கும், ஆனா அரிசித்தாள்ல சுத்திப் பொரிக்கிறது. உள்ள பன்றிக்கறியோ இறாலோ இருக்கும், தொட்டுக்கிற தண்ணியில மீன் சாஸ் இருக்கும். உள்ள காய் மட்டும் வச்ச நெம்முக்கும் அதே மீன் சாஸைத்தான் கொண்டு வந்து வைப்பாங்க. சைவம் சாப்பிடுறவங்க அந்தக் கிண்ணத்தைத் தொடாதீங்க. உப்பு, சர்க்கரை, எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய் போட்டுத் தனியா கேளுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

நல்ல அனுபவமும் எனக்கு உண்டு. நேரு வீதிப் பக்கம் சின்னக் கடை, நாலஞ்சு மேசைதான். என் சிநேகிதி ஜைன மதம், அவளோட போயிருந்தேன். அங்க பரிமாறின அம்மா நாங்க கேக்காமலே, "சூப் மட்டும் வேண்டாம், இன்னைக்கு எங்ககிட்ட கோழித் தண்ணிதான் இருக்கு"ன்னு முதல்லயே சொல்லிட்டாங்க. ஒரு வியாபாரம் போச்சு அவங்களுக்கு. ஆனா நான் இப்பவும் அங்கதான் போறேன், தெரிஞ்சவங்களுக்கும் சொல்றேன்.

நுகர்வோர்_நண்பன்:

பில்லைப் பத்தி யாரும் சொல்லலை. சர்வீஸ் சார்ஜை ஹோட்டல் தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் போட்டுடுச்சு. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டாங்க. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதனால எடுக்கச் சொல்லுங்க, மறுத்தா 1915க்கு போன் பண்ணிப் புகார் பதியலாம். ஜி.எஸ்.டி. வேற, அது வரி, அதைக் கட்டித்தான் ஆகணும்.

சைவம்னு சொல்லி அசைவம் குடுத்தது அதைவிடப் பெரிய குறை. பில்லைப் பத்திரமா வைங்க. பில்லுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கணும், 2022 ஜனவரிலேர்ந்து அது கட்டாயம். புகார் குடுத்தா அந்த எண்ணை வச்சே கடையைப் பிடிச்சுடுவாங்க. அடுத்த முறை இப்படி நடந்தா கப்போட போட்டோ எடுத்துக்கோங்க.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. மாஸ்டர் அண்ணா, நீங்க எழுதினதை அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். எண்ணெய் விஷயத்தைக் கேட்டதும், "அப்போ கோபி இனிமே வேண்டாம், நூடுல்ஸ் போதும்"னுட்டாங்க.

நீங்க சொன்ன மாதிரி இங்க கடலூர்லயே ரெண்டு கடைக்கு போன் பண்ணிக் கேட்டேன். ஒருத்தர், "எல்லாம் வெஜ்தான் மேடம், தைரியமா வாங்க"ன்னார். ஸ்டாக் தனியான்னு கேட்டதும் வெச்சுட்டார். இன்னொருத்தர் லைன்ல இருக்கச் சொல்லிட்டு உள்ள போய்க் கேட்டுட்டு வந்து, "சூப்புக்கு வெஜ் ஸ்டாக் இல்லம்மா, வெறும் தண்ணியிலதான் போட முடியும், ருசி கம்மியா இருக்கும். எண்ணெய் ஒண்ணுதான், அதனால பொரிச்சது கேக்காதீங்க. நூடுல்ஸ் புதுச் சட்டியில போட்டுத் தர்றோம்"னார். இல்லைங்கிறதை இல்லைன்னு சொன்னதே எனக்குப் போதும். வர்ற சனிக்கிழமை ஆறரைக்கு அங்க போறோம்.

பில்லைத் தேடி எடுத்துட்டேன். புகார் குடுக்கறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலை, அத்தை வேண்டாங்கிறாங்க.

ஒரே ஒரு சந்தேகம் அண்ணா. ஸ்வீட் கார்ன் சூப்பை வீட்ல வச்சா தண்ணியாவே இருக்கு, கடை ருசி வரலை. ஸ்டாக் இல்லாம எப்படி?

சட்டிமாஸ்டர்:

சோளத்தை உதிர்த்தப்புறம் நடுத்தண்டைத் தூக்கிப் போடாதீங்கம்மா. ரெண்டா உடைச்சு, ரெண்டு துண்டு இஞ்சியோட தண்ணியில அரை மணி நேரம் கொதிக்க விட்டு வடிகட்டுங்க. அந்தத் தண்டுலயும் இனிப்பு இருக்கு. உதிர்த்த சோளத்துல பாதியை அரைச்சும் பாதியை முழுசாவும் அந்தத் தண்ணியில போடுங்க. கேரட்டும் பீன்ஸும் பொடியா நறுக்கிப் போட்டு வேகட்டும். கார்ன்ஃப்ளவரைப் பச்சைத் தண்ணியில கரைச்சு, சூப் நல்லா கொதிக்கும்போது கிளறிக்கிட்டே மெதுவா ஊத்துங்க, மொத்தமாக் கொட்டினா கட்டி தட்டிடும். உப்பும் வெள்ளை மிளகுத்தூளும் கடைசியில. வினிகர் ரெண்டு சொட்டுக்கு மேல வேண்டாம்.