ஸ்பீக்கர் வயர் மாத்தினா சவுண்ட் உண்மையிலேயே கூடுமோ?

பரந்தன்_பொடியன்:
வீட்டில அம்ப்பும் 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டும் இருக்கு, இடையில 3 மீற்றர்தான், 0.75 சதுர மில்லிமீற்றர் வயர். தடிச்ச ஒக்சிஜன் ஃப்ரீ (ஒக்சிஜன் நீக்கின செம்பு) வயர் போட்டா பேஸ் நல்லா அடிக்கும் எண்டு கடையில சொல்லினம், விலையைக் கேட்டா ஸ்பீக்கரில பாதி வருது. உண்மையோ அண்ணைமார்?

மாங்குளம்_வயரிங்:
தம்பி காசைப் பத்திரமா வச்சிருங்கோ. 1 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் மீற்றருக்கு 0.017 ஓம் அளவில தடை வரும். உங்கட 0.75இல போய்வர 6 மீற்றர், மொத்தமே 0.14 ஓம்தான். ஸ்பீக்கரின்ர ஓமில 5 வீதத்துக்குள்ள வயர் நிண்டா காணும் எண்டுதான் அம்ப் செய்யிற மக்கின்டோஷ் கொம்பனியில இருந்த ரோஜர் ரசலின்ர கணக்கு, 8 ஓமுக்கு அது 0.4. இதே வயரை 10 மீற்றர் இழுத்தா 0.46 வரும், அப்ப 1.5 போடலாம். ஒக்சிஜன் ஃப்ரீ எண்டாலும் சாதாரண செம்பை விட 1 வீதம் கூடக் கடத்தினாலே பெரிசு.

முல்லைக்கடல்:
நான் ஒத்துக்கொள்ளன். மாத்தின அண்டைக்கே எனக்கு வித்தியாசம் கேட்டது, ஹை எல்லாம் அப்பிடித் துலக்கம்.

மாங்குளம்_வயரிங்:
கடல் பக்கம்தானே நீங்கள், பழைய வயரின்ர நுனி பச்சை பூத்திருக்கும், புதுசு போடேக்க சீவி இறுக்கிப் பூட்டியிருப்பியள், பழசையே வெட்டிச் சீவிப் போட்டிருந்தாலும் அது கேட்டிருக்கும். நம்பாட்டி வீட்டில ஆரையும் உங்களுக்குத் தெரியாமல் ரெண்டையும் மாத்தி மாத்திக் கொழுவச் சொல்லிப்போட்டு எது எதெண்டு சொல்லுங்கோ பாப்பம்.

பழைய_றேடியோ:
ரெண்டு பேரும் சண்டை பிடியாதேங்கோ 😄 தம்பி, இப்ப அலுமினியத்துக்கு மேல செம்பு பூசின வயரும் கடையளில வருது, கத்தியால சுரண்டிப் பாருங்கோ, உள்ளுக்கு வெள்ளையெண்டா அதுதான், செம்பளவுக்குக் கடத்தாது, எடுக்கிறதெண்டா ஒரு சைஸ் தடிப்பா எடுக்கோணும். பிளஸ் மைனஸ் ரெண்டு ஸ்பீக்கரிலயும் ஒரே மாதிரிப் பூட்டியிருக்கோ எண்டும் பாருங்கோ, ஒண்டு மாறினாலே பேஸ் செத்துப்போம். தகரக் கூரை, சீமெந்து நிலம், வெறுஞ் சுவர் எண்டா எந்த வயர் போட்டும் எதிரொலிக்கும், அந்தக் காசில தடிச்ச காப்பெற்றும் கேட்டினும் வாங்குங்கோ.

பரந்தன்_பொடியன்:
நன்றி அண்ணை. அப்ப கோயில் திருவிழாவுக்கு ரோட்டு நீளத்துக்கு மெல்லிய வயரில குழாய் ஸ்பீக்கர் கட்டுறாங்களே, அது எப்பிடி?

மாங்குளம்_வயரிங்:
அது அனேகமா 100 வோல்ட் லைன். வோல்டேஜைக் கூட்டி அனுப்பினா கறன்ற் குறையும், வயரில போற இழப்பும் குறையும், ஒவ்வொரு குழாயோடயும் ஒரு ட்ரான்ஸ்போமர் இருந்து திரும்பக் குறைச்சுக் குடுக்கும். 3 மீற்றருக்கு உங்களுக்கு உது ஒண்டும் வேண்டாம்.