ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு தமிழ்ச்சொல்: ‘உருவொன்றி’ சரிப்படுமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் எதை வாங்கலாம் என்று தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருப்பதாகப் போன வாரம் சொல்லியிருந்தேன். முதல் பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. லென்ஸின் குவியம் (ஃபோகஸ்) சரியா என்று காட்டும் அந்த ரேஞ்ச்ஃபைண்டரைத் தமிழில் என்னவென்று சொல்வது? கேட்டதற்கு வந்த மடல்களைத் திரட்டினால் நான்கு சொற்கள் தேறுகின்றன: தொலைமானி, தூரமானி, வீச்சுக்காணி, சேய்மைமானி. இவை தவிர, “ரேஞ்ச்ஃபைண்டர் என்றே எழுதிவிட்டுப் போங்களேன்” என்று ஒரு குரல். என் ஃபெட்-2 கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம். கருவியைத் தொட்டுப் பார்க்காதவர்களும் இந்த இழையில் இருக்கிறார்கள்.

ஒரு விரலை முகத்துக்கு நேரே நிறுத்தி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி மூடுங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். பள்ளிப் பாடநூலில் ‘இடமாறு தோற்றப் பிழை’ என்று படித்தோமே, அதேதான். விரல் கிட்டே இருந்தால் அதிகமாகத் தாவும், எட்டப் போனால் குறைவாகத் தாவும். இந்தக் கேமராக்களின் நெற்றியில் இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியே நேராகப் பார்க்கிறோம். மற்றொன்றில் விழும் காட்சி, உள்ளே இருக்கும் திருப்பு ஆடி ஒன்றில் பட்டு, ஒளியில் பாதியை ஊடே விட்டுப் பாதியைத் திருப்பும் இன்னோர் ஆடி வழியாக முதல் காட்சியின் நடுவில் வந்து அமர்கிறது. லென்ஸைத் திருகினால் திருப்பு ஆடியும் கூடவே அசையும். நடுவில் பேய்போல் தெரியும் இரண்டாம் உரு இடவலமாக நகரும். இரண்டு உருக்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படிந்துவிட்டால் குவியம் சரி. கிளிக்.

இப்போது கவனியுங்கள். இதில் எந்த இடத்திலும் நான் தூரத்தை அளக்கவில்லை. நண்பர் மூன்றே கால் மீட்டரில் நிற்கிறாரா, மூன்றரையா என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவருடைய இரண்டு மூக்குகள் ஒரு மூக்கானால் போதும்.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் ‘ரேஞ்ச்’ வந்தது? அது பீரங்கிக்காரர்கள் விட்டுச்சென்ற சொல். 1888-இல் பிரிட்டிஷ் போர் அலுவலகம் காலாட்படைக்குத் தூரம் காணும் கருவி வேண்டும் என்று விளம்பரம் செய்தது. ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரவுட் என்ற இரு பேராசிரியர்கள் அதற்காக ஒரு கருவியை வடிவமைத்தார்கள். அவர்கள் பெயரில் உருவான கிளாஸ்கோ நிறுவனம் பிற்பாடு போர்க்கப்பல்களுக்கு இந்தக் கருவிகளைச் செய்து பெயர்பெற்றது. குண்டு எவ்வளவு தொலைவு போக வேண்டும் என்ற எண்தான் அவர்களுக்குத் தேவை. சாளரங்களுக்கு இடையே உள்ள தூரம் கூடக்கூடக் கணிப்பு துல்லியமாகும் என்பதால் கருவி நீண்டுகொண்டே போயிற்று. ஜப்பானின் யமாத்தோ போர்க்கப்பலில் அது 15 மீட்டர்! அதே தத்துவத்தை உள்ளங்கைக்குள் அடக்கி, லென்ஸோடு கோத்துவிட்டபோது எண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

> ரஷ்ய மொழியில் ‘தால்னமேர்’. தால் என்றால் தொலைவு, மேர் என்றால் அளவு. அப்படியே ‘தொலைமானி’ என்று வைக்கலாமே?

ரஷ்யச் சொல் சரிதான் ஐயா. ஆனால் தமிழில் ‘தொலை’ என்ற முன்னொட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. தொலைபேசி, தொலைக்காட்சி, தொலைநகல் என்று தொலைவிலிருந்தபடி இயங்குவதற்கு அது அடையாளமாகிவிட்டது. தொலைமானி என்றால் எங்கோ இருக்கும் ஒன்றை இங்கிருந்து அளக்கும் டெலிமீட்டர் என்றுதான் பொறியாளர் காதில் விழும். ‘தொலைவுமானி’ என்று ஒரு ‘வு’ சேர்த்தால் இந்தச் சிக்கல் தீரும். அதைப் பிறகு பார்ப்போம்.

தூரமானி கேட்டவுடன் புரிகிறது. ஆனால் வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் முகப்பு எண்ணுக்கும் அதே சொல்தான் இயல்பாக வரும். வீச்சுக்காணியில் இரண்டு தொல்லை. இயற்பியலில் அலையின் வீச்சு, புள்ளியியலில் தரவின் வீச்சு, சாலையோரத்தில் வீச்சு பரோட்டா என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே மூன்று முதலாளிகள். ‘காணி’ என்றாலோ நம்மில் பலருக்கு, குறிப்பாக இலங்கை நண்பர்களுக்கு, நிலம்தான் நினைவுக்கு வரும். கேமரா வாங்கப் போய்ப் பத்திரப்பதிவில் முடியும்.

சேய்மைமானி எனக்கு ஆசையான சொல். சேய்மைச்சுட்டு, அண்மைச்சுட்டு என்று இலக்கண வகுப்பில் படித்ததால் கேட்கவே சுகமாக இருக்கிறது. ஆனால் பொருள் நேர்மாறாகப் போகிறது. சேய்மையில் இந்தக் கருவிக்கு வேலையே இல்லை. மலையைப் படமெடுக்க லென்ஸை முடிவிலியில் வைத்தால் தீர்ந்தது. ஒரு மீட்டரில் அமர்ந்திருக்கும் பாட்டியின் முகத்தை, ஜூபிட்டர்-8 லென்ஸின் எஃப் 2 என்ற அகலத் துளையில் எடுக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். அங்கே தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 5 சென்டிமீட்டர். கண்ணுக்கு வைத்த குறி காதில் விழுந்துவிடும். ஆக, இது அண்மைக்கான கருவி.

என் முன்மொழிவு: ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வைப்போம்.

எண்ணைப் படித்துச் சொல்லும் கருவிக்குத் தொலைவுமானி. பீரங்கிக்காரர் கருவி, இன்றைய லேசர் கருவி எல்லாம் இதில் அடங்கும். லேசர் கருவியில் இரண்டு உருக்களே கிடையாது என்பதையும் கவனியுங்கள். உருக்களை ஒன்றவைத்துக் குவியம் காட்டும் கேமரா உறுப்புக்கு உருவொன்றி. அது உள்ள கேமரா, உருவொன்றிக் கேமரா.

எல்லையில் நிற்கும் ஒரு பொருளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். சோவியத் ஒன்றியத்தில் ‘பிளிக்’ என்று ஒரு துணைக்கருவி விற்றார்கள். உருவொன்றி இல்லாத மலிவுக் கேமராக்களின் தலையில் செருகிக்கொள்ளலாம். அதிலும் இரண்டு உருக்களை ஒன்றாக்குகிறோம். ஆனால் லென்ஸோடு தொடர்பு இல்லை. சக்கரத்தில் தெரியும் எண்ணைப் படித்து, லென்ஸில் நாமே வைக்க வேண்டும். எண்ணைப் படிப்பதால் அது தொலைவுமானி. சொல் தானாகப் பிரிந்து நின்றதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

இப்படிப் பிரிப்பது நம் விசித்திரமும் அல்ல. ஜெர்மானியர் தொலைவு அளக்கும் கருவிக்கு ஒரு சொல்லும், இந்தக் கேமரா உறுப்புக்கு ‘மெஸ்ஸூகர்’ என்று இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் லைக்கா கேமராக்களில் எம் வரிசை உண்டு, அந்த ‘எம்’ இந்தச் சொல்லின் முதலெழுத்துதான்.

> ஒன்றுதல் தன்வினை ஆயிற்றே. கருவி எங்கே ஒன்றுகிறது? ஒன்றுவிக்கிறது.

உருவொன்றியைத் தனிமடலில் ஒரு தமிழாசிரியருக்கு அனுப்பியபோது வந்த மறுப்பு இது. நியாயம்தான். ‘உருவொன்றுவிப்பான்’ என்றால் இலக்கணம் நிமிர்ந்து நிற்கும், நாக்கு படுத்துவிடும். தொலைபேசி மட்டும் தானாகவா பேசுகிறது? நாம்தான் பேசுகிறோம். அந்தச் சலுகையை இதற்கும் தரலாம் என்று பதில் எழுதினேன். ‘உருப்பொருத்தி’ என்று அவர் ஒரு மாற்று தந்திருக்கிறார். பிறவினையாக இருப்பதால் பிழை இல்லை. எனக்கென்னவோ பத்துப் பொருத்தம் பார்க்கும் தரகர் நினைவு வருகிறது.

சரி, ஒரு கலைச்சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை. கையேட்டிலிருந்து சில பகுதிகளைத் தருகிறேன். இரண்டு துணைச்சொற்களையும் கவனித்துப் பாருங்கள். சாளரத்தின் நடுவில் இரண்டாம் உரு விழும் சிறு வட்டத்தைப் ‘பொட்டு’ என்கிறேன். கேமராக்காரர்கள் ‘பேட்ச்’ என்பார்கள். நெற்றி நடுவில் இருப்பதைப் பொட்டு என்னாமல் வேறென்ன சொல்வது? இரண்டு சாளரங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் ‘கண்ணிடை’. நிலஅளவையில் உள்ளதுபோல் ‘அடிக்கோடு’ என்றுதான் முதலில் எழுதினேன். படித்த தங்கை, “எதற்கு அடிக்கோடு போட்டிருக்கிறாய்?” என்று கேட்டாள். அதோடு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

கையேட்டிலிருந்து:

“ஃபெட் வரிசை உக்ரைனின் கார்கிவ் நகரில் பிறந்தது. வீடற்ற சிறுவர்களுக்காகக் கல்வியாளர் மக்கரென்கோ நடத்திய கம்யூனில், லைக்கா 2 மாதிரியைப் பார்த்து 1934-இல் தொடர் உற்பத்தி தொடங்கியது. சோவியத் ரகசியக் காவலை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்மூந்தவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகளே ஃபெட். பழைய ஃபெட்டிலும், போருக்குப் பின் மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் வந்த முதல் ஸோர்க்கியிலும் உருவொன்றிக்கு ஒரு துளை, காட்சி பார்க்க இன்னொரு துளை. கண்ணை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். 1955-இல் வந்த ஃபெட்-2 இரண்டையும் ஒன்றாக்கியதோடு கண்ணிடையையும் 67 மில்லிமீட்டருக்கு விரித்தது. நம் இரு கண்களுக்கு இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஸோர்க்கி-4-க்குக் கண்ணிடை 38. கியெவ் கேமராக்களுக்கு 90.”

“புதிய மாதிரிதான் மேல் என்று எண்ண வேண்டாம். ஃபெட்-3-இல் மெதுவான ஷட்டர் வேகங்கள் சேர்ந்தன, கண்ணிடை குறுகிவிட்டது. கண்ணிடையை மட்டும் பார்த்தும் முடிவு செய்ய வேண்டாம். ஸோர்க்கி-4 சாளரத்தில் காட்சி ஏறத்தாழ இயல்பான அளவிலேயே தெரியும், ஃபெட்-2-இல் சிறுத்துத் தெரியும். அதனால் 67-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசம் கையில் அவ்வளவாக உறைக்காது.”

“கியெவ் வேறு குடும்பம். ஜெர்மனியின் கான்டாக்ஸ் கேமராவைச் செய்யும் பொறிகளும் உதிரிகளும் போர் இழப்பீடாகச் சோவியத்துக்குப் போய், 1947 முதல் கியெவ் நகரின் அர்செனல் ஆலையில் அது வெளிவந்தது. வலக்கை விரல்கள் இயல்பாகப் போய் அமரும் இடத்தில் உருவொன்றியின் சாளரம் இருக்கிறது. பொட்டு காணாமல் போனால் பழுது என்று பயப்படாதீர்கள், விரலை எடுங்கள்.”

“வாங்கும்போது பொட்டைப் பாருங்கள். நிலாவையோ தூரத்துக் கோபுர விளக்கையோ லென்ஸை முடிவிலியில் வைத்து நோக்குங்கள். இரண்டு உருக்கள் இடவலமாக விலகியிருந்தால் பழுது பார்க்கத் தெரிந்தவர் சீக்கிரம் திருத்திவிடுவார். மேலும் கீழுமாக விலகியிருந்தாலும் திருத்தலாம், பொறுமை அதிகம் வேண்டும். பொட்டே மங்கியிருந்தால் உள்ளே ஆடியின் பூச்சு போயிருக்கும். அதை விட்டுவிடுங்கள்.”

கடைசி வாக்கியம் சொந்த அனுபவம். பொட்டே தெரியாத ஸோர்க்கி ஒன்றை, “கண்ணாடி போட்டுப் பாருங்க சார், தெரியும்” என்று சொல்லி ஒருவர் என் தலையில் கட்டினார். இன்று அது அலமாரியில் அழகாக இருக்கிறது.

தங்கப் பூச்சும் கழுகுமுத்திரையும் போட்டு ‘போர்க்கால லைக்கா’ என்று விற்கப்படும் ஃபெட்டுகளையும் ஸோர்க்கிகளையும் பற்றித் தனிப் பகுதி வருகிறது. அதற்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை. போலி என்பது போதும்.

‘ரேஞ்ச்ஃபைண்டர் என்றே எழுதுங்கள்’ என்ற நண்பருக்கு: முதல் பக்கத்தில் ஒருமுறை அதையும் எழுதித்தான் தொடங்குகிறேன், தேடுபவர் கண்டுபிடிக்க வேண்டுமே. ஆனால் பேச்சுத் தமிழில் ரேஞ்ச் என்பது ‘அவன் ரேஞ்சே வேற’ என்பதற்குப் போய்விட்டது. காட்டுக்குப் போனால் ரேஞ்சர் இருக்கிறார். புதிதாகக் கேமரா எடுக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. உருவொன்றி என்றால் சாளரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையாவது சொல்லிக்கொடுக்கும்.

பாடநூலில் ‘பிம்பம்’ இருக்க ‘உரு’ எதற்கு என்று யாராவது கேட்பீர்கள். இலங்கைப் பாடநூலில் அதுவே ‘விம்பம்’. பிம்பமா விம்பமா என்ற பஞ்சாயத்தில் கேமரா துருப்பிடித்துவிடும். உரு இரண்டு கரைக்கும் பொது.

ஞாயிறு வரை மறுப்புகளுக்குக் காத்திருக்கிறேன். அதற்குள் இன்னொன்றையும் யோசித்து வையுங்கள். ஸோர்க்கி-4-இல் ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், ஏற்றாமல் திருகினால் உள்ளே பொறி கெட்டுப்போகும். இந்த ‘ஏற்றுதல்’ துப்பாக்கி வழக்காக இருக்கிறது, கடிகாரத்துக்குச் சொல்லும் ‘சாவி கொடுத்தல்’ நன்றாக இருக்குமோ என்று ஓர் எண்ணம்.

அன்புடன்,
ஃபெட்-2 வைத்திருப்பவன்