கல்குவாரி மீது மூன்று மனு கொடுத்தும் "விதிமீறல் இல்லை" என்றே பதில். கையெழுத்துப் போட்ட அதிகாரியை எப்படிக் கேள்வி கேட்பது?

தென்கரை:
எங்கள் ஊருக்கு மேற்கே பட்டா நிலத்தில் ஒரு கல்குவாரி. ஐந்து வருடக் குத்தகை போன வருடமே முடிந்துவிட்டது, ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் டிப்பர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மதியம் வேட்டு வைக்கும்போது சமையலறை அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும், பின்சுவர் விரிசலில் என் சுண்டுவிரல் நுனி நுழைகிறது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றி இரண்டு வருடம் ஆகிறது, மோட்டாரைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டார்கள்.

குறைதீர் நாளில் மூன்று தடவை மனு கொடுத்தேன். மனு சுற்றிச் சுற்றி, யார் மீது புகார் சொன்னேனோ அவர்கள் மேசைக்கே வந்து, "இடத்தணிக்கை செய்யப்பட்டது, விதிமீறல் இல்லை" என்று ஒரு வரியில் முடிகிறது. யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள், ஊரில் யாருமே பார்க்கவில்லை. குவாரிக்காரருக்கு அபராதம் போடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவரைப் பதில் சொல்ல வைக்க வழி உண்டா?

பழைய சர்வேயர்:
தம்பி, நில அளவைத் துறையில் முப்பது வருடம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். "சட்டவிரோதமாகக் கல் எடுக்கிறார்கள்" என்று பொதுவாக எழுதினால் "இல்லை" என்று ஒரு வார்த்தையில் மறுத்துவிடலாம். குழியை அப்படி மறுக்க முடியாது. 100 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், 30 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 2,40,000 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர், ஆக ஏறக்குறைய 84,800 யூனிட். மேல்மண்ணையும் படிப்படியாக வெட்டின இடத்தையும் கழித்துவிடுங்கள். மீதிக் கணக்குக்கு நடைச்சீட்டு, அதாவது குவாரியிலிருந்து கல் ஏற்றிப்போகும் வண்டிக்கான அனுமதிச் சீட்டு, எத்தனை யூனிட்டுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், விடுபட்டது எல்லாம் அரசுக்குப் பணம் கட்டாமல் போன கல்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்காமல் ஆவண நகல் கேளுங்கள். குத்தகை ஆணை, சுரங்கத் திட்டம், மாதவாரி நடைச்சீட்டுக் கணக்கு, உங்கள் மனுக்களுக்காக நடந்த தணிக்கையின் அறிக்கை. 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு. அப்புறம், இதைத் தவறவே விடாதீர்கள்: சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும்போது 300 மீட்டர் சுற்றளவில் என்னென்ன கட்டடம் இருக்கிறது என்று விஏஓ ஒரு சான்று கொடுத்திருப்பார். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்பது 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளிலேயே இருக்கிறது. அந்தச் சான்றில் உங்கள் வீடு விடுபட்டிருந்தால், நீங்கள் தேடுகிற கையெழுத்து அதில்தான் இருக்கிறது.

வாதி:
ஐயா சொன்னது சரி. காகிதம் கைக்கு வந்ததும் எங்கே போவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம், ஆனால் அது விசாரிக்கக்கூடிய சட்டங்களின் பட்டியலில் 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் கிடையாது. கல் திருட்டு என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாமல் சுற்றுச்சூழல் அனுமதி நிபந்தனை மீறல், தூசி, நிலத்தடி நீர் என்று எழுதுங்கள். 2012-இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, இழப்பீட்டுக்கு ஐந்து வருடம், ஆகவே ஆறப்போடாதீர்கள்.

அதிகாரி விஷயத்துக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் சரி. பதவியின் பெயரைப் போட்டு எதிர்மனுதாரர் ஆக்கி, துறை நடவடிக்கை கோருங்கள். அனுமதியில்லாமல் எடுத்த கல்லின் விலையை வசூலிக்க அந்தக் கனிமச் சட்டத்தின் 21(5) பிரிவு இடம் கொடுக்கிறது. ஒடிசா இரும்புத் தாது வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் முழு மதிப்பையும் வசூலிக்கச் சொன்னது. சில ஆயிரம் அபராதத்தோடு கோப்பை மூடினார்கள் என்றால், அந்த விலையைக் கணக்குப் போடாமல் விட்டது யார் என்று ரிட்டில் கேட்கலாம்.

மதுரைக்காரி:
மதுரை கிரானைட் முறைகேட்டில் 2012-இல் ஆட்சியராக இருந்த சகாயம் கொடுத்த அறிக்கையில் இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று இருந்தது. அத்தனை வருடமும் கீழே இருந்தவர்களுக்கு எதுவுமே தெரியாமலா இருந்தது என்று எங்கள் பக்கம் இன்றும் கேட்பார்கள். அண்ணா, எனக்குப் பயமாக இருப்பது வேறு விஷயம். 2025 ஜனவரியில் திருமயம் பக்கம் குவாரிகள் மீது தொடர்ந்து புகார் கொடுத்துவந்தவர் லாரி மோதி இறந்தார், அது கொலை வழக்காகி சிபிசிஐடிக்குப் போனது. தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். கிணறு வற்றியவர், விரிசல் விழுந்த வீட்டுக்காரர் என்று பத்துப் பேராவது சேர்ந்து போடுங்கள், தபாலில் விரைவு அஞ்சலாக (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ராத்திரி வண்டியை மறித்து வீடியோ எடுக்கிற வேலையே வேண்டாம்.

தென்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்னதும் கூகுள் வரைபடத்தில் அளந்து பார்த்தேன், பின்சுவரிலிருந்து குழியின் விளிம்பு 214 மீட்டர்தான் வருகிறது. குத்தகைக்கு முந்தைய படத்திலும் வீடு தெளிவாகத் தெரிகிறது, பழைய வீட்டு வரி ரசீதும் பத்திரமாக இருக்கிறது. அக்கா சொன்னபடி கிணற்றுக்காரரிடம் பேசிவிட்டேன், இதுவரை ஏழு பேர் கையெழுத்துக்குச் சம்மதம். 300 மீட்டர்ச் சான்றுக்கான மனு திங்கட்கிழமை விரைவு அஞ்சலில் போகிறது. நகல் வந்ததும் கையெழுத்துப் போட்ட பதவி எது, தேதி என்ன என்று இங்கே எழுதுகிறேன்.