மறுமொழி: ‘செகண்ட் ஏப்ரன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். இழை நீண்டுவிட்டதால், இதுவரை வந்த முன்மொழிவுகளுக்கு ஒரே மடலில் மறுமொழி எழுதுகிறேன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவை வைத்து வரும் என்பிஏ 2கே போன்ற நிகழ்பட ஆட்டங்களில் களத்தில் இறங்கி ஆடுவது ஒரு பாதி. பொது மேலாளர் நாற்காலியில் அமர்ந்து, ஆட்டக்காரர்களைச் சேர்த்தும் விடுவித்தும், ஒப்பந்தம் போட்டும், ஓர் அணியைப் பல பருவங்களுக்கு நடத்திச் செல்வது மறுபாதி. இந்த மறுபாதிக்கு ‘அணி ஆளுகை முறை’ என்ற பெயரை ஏறத்தாழ எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கடைக்கிளையை நினைவூட்டும் ‘உரிமைக்கிளை முறை’யை விட்டுவிடலாம். சிக்கல் நிற்பது, அணிகளின் சம்பளச் செலவுக்கு என்பிஏ போட்டிருக்கும் ஒரு கோட்டின் பெயரான ‘ஏப்ரன்’ என்ற ஒரு சொல்லில்தான்.

> ஏப்ரன் என்பது சமையலறையில் உடையின் மேல் கட்டிக்கொள்வது. ‘முன்றானை’ என்றே சொல்லலாம். அது பிடிக்காதவர்களுக்கு ‘முன்றில்’ இருக்கிறது.

வீட்டின் முன்புறத்தைக் குறிக்கும் ‘முன்றில்’ சங்கப் பாடல்களிலேயே வழங்கும் சொல். அதன் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்திருந்தாலும், அந்தக் கோடு இன்று என்ன வேலை செய்கிறது என்பதை அது சொல்வதில்லை. சொல்லாத பெயரை மொழிபெயர்த்தால் சொல்லாத பெயர்தான் கிடைக்கும். ஆகவே அந்தக் கோடு செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடலாம்.

என்பிஏவில் சம்பள வரம்பு 1984–85 பருவத்தில் வந்தது. அப்போது ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர். இதை நம் கலைச்சொல் பட்டியலில் ‘சம்பள உச்சவரம்பு’ என்று எழுதியிருக்கிறோம். தமிழ்நாட்டில் ‘உச்சவரம்பு’ என்றதும் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் நினைவுக்கு வரும். அங்கே வரம்புக்கு மேல் இருப்பது உபரி, அதை அரசு எடுத்துக்கொள்ளும். என்பிஏ வரம்பு அப்படிப்பட்டதன்று. தன்னிடம் ஏற்கெனவே ஆடிவரும் ஒருவரை வரம்பு தாண்டியும் மீண்டும் ஒப்பந்தம் செய்துகொள்ள அணிக்கு வழி உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் ஆட்டக்காரர் லாரி பேர்டின் பெயரால் அந்த விலக்கு வழங்குகிறது. (முதல் வரைவுப் பட்டியலில் இது ‘பறவை விலக்கு’ என்று பதிவாகியிருக்கிறது. அருள்கூர்ந்து ‘பேர்டு விலக்கு’ என்று திருத்திவிடுங்கள். அது ஆள் பெயர்.) எனவே வெறும் ‘சம்பள வரம்பு’ போதும், வகை சொல்ல வேண்டிய இடத்தில், விலக்கோடு தாண்டக்கூடியதை ‘நெகிழ்வரம்பு’, தாண்டவே முடியாததைக் ‘கறார் வரம்பு’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

இந்த வரம்புக்கு மேலே வரிக்கோடு வருகிறது. அதைத் தாண்டும் அணி லீகுக்கு வரி கட்ட வேண்டும். 2023–24 பருவத்தில், தாண்டிய முதல் 50 லட்சம் டாலர் வரை ஒவ்வொரு டாலருக்கும் ஒன்றரை டாலர், அதற்கு மேல் விகிதம் ஏறிக்கொண்டே போகும். வரிக்கோட்டுக்கு 40 லட்சம் டாலர் மேலே ‘ஏப்ரன்’ என்ற கோடு லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தது. 2023ஆம் ஆண்டு ஒப்பந்தம் அதை இரண்டாக்கியது. 2024–25 பருவத்தின் கணக்கை எடுத்துக்கொண்டால், சம்பள வரம்பு 14 கோடியே 5 லட்சத்து 88 ஆயிரம் டாலர். வரிக்கோடு 17 கோடியே 8 லட்சத்து 14 ஆயிரம். முதல் ஏப்ரன் 17 கோடியே 81 லட்சத்து 32 ஆயிரம். இரண்டாம் ஏப்ரன் 18 கோடியே 89 லட்சத்து 31 ஆயிரம்.

வரிக்கோடு கேட்பது பணத்தை. இரண்டாம் ஏப்ரனோ கையைக் கட்டிப்போடுகிறது. அதைத் தாண்டிய அணி, பரிமாற்றத்தில் இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி, அதற்கு ஈடான சம்பளமுள்ள ஒரு பெரிய ஆட்டக்காரரைப் பெற முடியாது. பரிமாற்றத்தில் ரொக்கம் சேர்த்துக் கொடுக்க முடியாது. வரம்பு தாண்டியும் ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ள, வரி கட்டும் அணிகளுக்கென்று விட்டுவைக்கப்பட்ட நடுத்தரச் சம்பள விலக்கும் அதற்குக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதுமுகங்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் அணித்தேர்வில், ஏழாண்டுக்குப் பிந்தைய அதன் முதல் சுற்றுத் தேர்வுரிமை உறைந்து நிற்கும், பரிமாற்றத்தில் வைக்க முடியாது. அடுத்த நான்கு பருவங்களில் இரண்டிலாவது மீண்டும் கோட்டைத் தாண்டினால் அந்தத் தேர்வுரிமை முதல் சுற்றின் கடைசி இடத்துக்குத் தள்ளப்படும்.

என் முன்மொழிவு இதனால்தான் ‘முடக்கக் கோடு’. ‘வங்கிக் கணக்கு முடக்கம்’, ‘சொத்து முடக்கம்’ என்று நாளிதழில் அன்றாடம் படிக்கிறோம். பொருள் உங்களுடையதுதான், ஆனால் உங்களால் அதை அசைக்க முடியாது என்ற கருத்து அந்தச் சொல்லில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. உறைந்த தேர்வுரிமைக்கும் ‘முடக்கப்பட்ட தேர்வுரிமை’ என்று அதே வேரிலிருந்து பெயர் கிடைத்துவிடுகிறது. ‘பொதுமுடக்கம்’ என்ற சொல்லோடு குழம்பாதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். 2011இல் உரிமையாளர்கள் ஆட்டத்தையே நிறுத்தி, பருவம் 66 ஆட்டங்களாகச் சுருங்கியதே, அதற்குத் தொழிற்சங்கத் தமிழில் ‘கதவடைப்பு’ என்ற சொல் முன்பே இருக்கிறது. ஆகவே மோதல் வராது.

> ‘விளிம்பு’ எளிமையாக இருக்கிறதே. முதல் விளிம்பு, இரண்டாம் விளிம்பு.

அம்மையாரின் பரிந்துரை ஒலியில் எளிது. ஆயினும் விளிம்பைத் தாண்டினால் விழுவோம். முதல் விளிம்பில் விழுந்தவர் இரண்டாம் விளிம்புக்கு எப்படி வந்து சேர்வார்? ‘தளைக்கோடு’ என்று மற்றொருவர் எழுதியிருப்பது கருத்தில் மிகச் சரியானது. கட்டு என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. யாப்பு படித்தவருக்குத் தளை என்றால் வெண்டளை, ஆசிரியத்தளை என்று சீர்களை இணைப்பது முன்னால் வந்து நிற்கும் என்பதும், படிக்காதவருக்கு எதுவுமே வராது என்பதும்தான் என் தயக்கம். இந்த ஆட்டத்தை விளையாடுபவர்களில் பெரும்பாலோர் பதினாறு வயதுக்காரர்கள்.

சொல்லை அது வர வேண்டிய இடத்திலேயே வைத்துப் பார்த்தேன். பரிமாற்றத் திரையில், இரண்டாம் கோட்டைத் தாண்டிய அணியை நடத்தும் ஒருவர் இடப்பக்கம் இரண்டு நடுத்தர ஆட்டக்காரர்களையும் வலப்பக்கம் ஒரு நட்சத்திரத்தையும் வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். இப்போதைய தமிழாக்க வரைவில் ‘இப்பரிமாற்றம் செல்லாது’ என்று மட்டும் வருகிறது. ஏன் செல்லாது என்று அறியாத அவர், சம்பளத்தொகை பொருந்தவில்லை போலும் என்று மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துப் பார்ப்பார், நான்காவதாக ஒருவரை மாற்றிப் பார்ப்பார், கடைசியில் விதிகளையே அணைத்துவிட்டு ஆடுவார். அந்த இடத்தில், ‘உங்கள் அணி இரண்டாம் முடக்கக் கோட்டைத் தாண்டியுள்ளது; இருவரின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரைப் பெற இயலாது’ என்று வந்தால் விதியும் விளங்குகிறது, தப்பிக்கும் வழியும் விளங்குகிறது: முதலில் சம்பளத்தைக் குறைத்துக் கோட்டுக்குக் கீழே வர வேண்டும். ‘கோட்டைத் தாண்டிய’, ‘கோட்டுக்குக் கீழே’, ‘கோட்டருகே நிற்கும்’ என்று வேற்றுமை உருபுகளை இச்சொல் இடறாமல் ஏற்கிறது. ‘ஏப்ரனைத் தாண்டிய’ என்பதும் இலக்கணப்படி சரிதான். ஆனால் சமையலறை நினைவு போகாது.

போகிறபோக்கில் ஒன்று: பரிமாற்றத்துக்குக் ‘கைமாற்று’ என்ற பரிந்துரை இனிமேல் வேண்டாம். கைமாற்று என்றால் திருப்பித் தர வேண்டும்.

> இவ்வளவு விதியையும் உள்ளே திணித்தால் உண்மைத்தன்மை கூடும், ஆட்டம் குறையும். விளையாட வந்தவர் கணக்குப்பிள்ளை வேலை பார்க்க வேண்டுமா?

இந்தக் கேள்வி சொல்லைப் பற்றியதன்று என்றாலும், சொல்லின் தேவையே இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். அணி ஆளுகை முறையில் உண்மைத்தன்மை குலைவது விதி குறைவாக இருப்பதால் அன்று; தண்டனை ஆடுபவருக்கு வலிக்காததால். மிகைச் சம்பளத்துக்கு வரி மட்டுமே தண்டனை என்று ஆட்டத்தை அமைத்தால், அந்த வரியைக் கட்டுவது திரைக்குப் பின்னால் இருக்கும் உரிமையாளர். மேலாளராக ஆடுபவரின் பையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. உரிமையாளரின் மனநிறைவு அளவு சற்று இறங்கும். கோப்பையை வென்றதும் ஏறிவிடும். நான்காம் பருவத்தில் அவரிடம் நான்கு நட்சத்திரங்கள், பத்தாம் பருவத்தில் அலமாரி நிறையக் கோப்பைகள். இதற்கு மேல் அவருக்கு அந்த ஆட்டத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை.

உண்மையில் நடந்ததைப் பாருங்கள். பாஸ்டன் செல்டிக்ஸ் 2024இல் சாம்பியன் ஆனது. மறு ஆண்டு கோடையிலேயே இரண்டாம் முடக்கக் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக ஜூரு ஹாலிடேயைப் போர்ட்லாந்துக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை அட்லாண்டாவுக்கும் அனுப்பியது. கெவின் டுரான்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல் ஆகிய மூவரையும் வைத்துக்கொண்டு கோட்டுக்கு மேலே நின்ற பீனிக்ஸ் சன்ஸ், 2024–25 பருவத்தில் ஜிம்மி பட்லரைப் பெறப் பார்த்தது. சம்பளங்களைக் கூட்டிக் காட்ட வழியில்லை; ஈடாக வைக்கக்கூடிய பெரிய சம்பளம் பீலுடையது, அவர் ஒப்பந்தத்திலோ தம் ஒப்புதலின்றித் தம்மை மாற்றக்கூடாது என்ற உட்பிரிவு இருந்தது. பட்லர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். பீனிக்ஸ் 36 ஆட்டங்களை மட்டுமே வென்று பிளேஆஃப் எனும் பருவ இறுதிச் சுற்றுகளுக்கான வாய்ப்பையும் இழந்தது. எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் இந்தக் கதையில் உள்ள தவிப்பு வாய்க்காது. மேலாளராக ஆடுபவருக்கு வாய்க்க வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மூன்று சுமாரான ஆட்டக்காரர்களைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தைப் பறிப்பது இவ்வகை ஆட்டங்களில் நெடுநாளாக இருக்கும் ஓட்டை. கணினி ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, கூட்டிப் பார்த்து, இடப்பக்கம் பெரிது என்று தலையாட்டிவிடும். களத்தில் ஐவர்தான் நிற்க முடியும் என்பது அந்தக் கூட்டலுக்குத் தெரியாது. சம்பளங்களைக் கூட்டிக் காட்டத் தடை, பணக்கார அணிகளைப் பொறுத்தவரை இந்த ஓட்டையின் பெரும்பகுதியைத் தானாகவே அடைத்துவிடுகிறது.

ஆனால் விதியை ஆடுபவருக்கு மட்டும் வைத்துவிட்டுக் கணினி நடத்தும் 29 அணிகள் கோட்டைப் பற்றிய அச்சமே இல்லாமல் திரிந்தால் பயனில்லை. ஜூலையில் கோட்டருகே நிற்கும் கணினி அணி, அடுத்த இரண்டு பருவங்களின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்து, நல்ல ஆட்டக்காரர் ஒருவரை மலிவாகவேனும் கைவிட முன்வர வேண்டும். எல்லா அணியும் ஒரே அளவில் அஞ்சவும் கூடாது. செலவுக்குத் துணிந்த உரிமையாளரும் இருப்பார், வரிக்கோட்டைக் கண்டாலே பின்வாங்குபவரும் இருப்பார். கணினி அணிகள் எப்போதும் அறிவார்ந்தே நடக்க வேண்டும் என்று இழையில் ஒருவர் வலியுறுத்தியிருந்தார். டாலஸ் அணி 2025 பிப்ரவரியில் தன் நட்சத்திரமான லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, ஆண்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமை ஆகியவற்றோடு திருப்தியடைந்தது. கணினி அப்படியொரு பரிமாற்றத்துக்கு ஒப்பியிருந்தால் நாமே குறைகூறி எழுதியிருப்போம். போதாக்குறைக்கு, அதே டாலஸ் மூன்று மாதம் கழித்து 1.8 விழுக்காட்டு வாய்ப்பை வைத்துக்கொண்டு அணித்தேர்வு வரிசைக்கான குலுக்கலில் முதலிடம் பெற்றது.

காலப் பின்னணிகளையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022இல் வந்த என்பிஏ 2கே23 முதல் 1983, 1991, 2002 ஆகிய ஆண்டுகளிலிருந்தும் ஆளுகையைத் தொடங்கலாம். 1983இல் தொடங்குபவருக்கு முதல் பருவத்தில் சம்பள வரம்பே இருக்கக்கூடாது. அணித்தேர்வுக் குலுக்கல் 1985இல்தான் வரும். முடக்கக் கோடு அவருடைய பேரப்பிள்ளைகள் காலத்து விதி. ஆகையால் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது நடைமுறைக்கு வந்த ஆண்டையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2011 ஒப்பந்தத்துக்கு உட்பட்ட பருவங்களில் கோடு ஒன்றே என்பதால், அங்கே ‘முதல்’ என்ற அடையும் வேண்டியதில்லை.

பதிவுக்கான வரையறையை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘முடக்கக் கோடு – வரிக்கோட்டுக்கு மேலே வைக்கப்பட்டிருக்கும் சம்பள அளவு; இதைத் தாண்டும் அணி, ஆட்டக்காரர்களைப் பரிமாறும் உரிமைகளிலும் புதிதாகச் சேர்க்கும் உரிமைகளிலும் சிலவற்றை இழக்கும். முதல், இரண்டாம் என இருவகைப்படும். இரண்டாவதைத் தாண்டினால் இழப்பு மிகுதி.’ ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் இருக்கிறது. சில விலக்குகளைப் பயன்படுத்திக்கொண்ட அணிக்கு அந்தப் பருவம் முழுவதும் முடக்கக் கோடே கறார் வரம்பாக மாறிவிடும். ஒரு டாலர்கூடத் தாண்ட முடியாது. அந்த நிலையை வினையாகச் சொல்ல ‘கறாராதல்’ என்று எழுதிப் பார்த்தேன், காதுக்கு ஒவ்வவில்லை. ‘வரம்பு இறுகுதல்’ என்றால் பொருந்துமா என்று தளைக்கோட்டுக்காரர் சொன்னால் மகிழ்வேன்.

அன்புடன்