மீன் ஏனம்மா எழும்பேல்ல? – இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் கேட்டவை

கனடாவில், டொரொன்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது, இந்த செப்டம்பரில்தான் ஜேகே என்ற பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கினான். போன மாதம் நடந்த ஒன்றை எழுதுகிறேன், உங்களுக்கும் இப்படி ஏதும் நடந்திருந்தால் சொல்லுங்கள்.

2024 அக்டோபர் 12 சனிக்கிழமை விஜயதசமி. பள்ளிக்கூடத்தில் ஏபிசி தொடங்கிவிட்டாலும் ஏடு தொடக்காமல் விட மனம் வரவில்லை, கோயிலில் ஐயர் அவன் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்தார். திங்கள் நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறை, வெளியில் நல்ல வெயில். மோர்னிங்சைட் பூங்காவில் ஹைலண்ட் கிரீக் ஆற்றில் சால்மன் மீன் ஏறுகிறது என்று வேலையிடத்தில் சொன்னார்கள், சரி என்று சப்பாத்தையும் குளிர்ச்சட்டையையும் மாட்டிக் கூட்டிக்கொண்டு போனேன்.

துள்ளிப் பாயும் மீனைக் காட்டலாம் என்று போனால், கரையெல்லாம் செத்த மீன். என் கை நீளம் இருக்கும் ஒவ்வொன்றும், செட்டை தேய்ந்து, தோல் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தது, மணம் வேறு. மகன் ஒன்றின் பக்கத்தில் குந்திக்கொண்டு "மீன் ஏனம்மா எழும்பேல்ல?" என்றான். நான் உடனே "நித்திரை கொள்ளுது, வா போவம்" என்றேன்.

பக்கத்தில் ரப்பர் சப்பாத்துப் போட்ட வயதானவர் ஒருவர் நின்றார். தமிழர் இல்லை, நாங்கள் பேசியது அவருக்குப் புரிந்திருக்காது. மகனைக் கூப்பிட்டுத் தண்ணீரைக் காட்டினார். அங்கே ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் அடித்து அடித்துக் கல்லைக் கிளப்பிக்கொண்டிருந்தது. முட்டை போடக் குழி தோண்டுகிறது என்றார். தான் பிறந்த ஆற்றின் மணத்தை வைத்தே தேடி வருமாம், ஆற்றுக்குள் வந்தபிறகு சாப்பிடாதாம், முட்டை போட்டதும் செத்துவிடுமாம், குஞ்சுகள் கல்லுக்கடியில் பனிக்காலம் முழுக்க இருந்துவிட்டு வசந்தத்தில் வெளியே வருமாம். இந்தச் சினூக் சால்மன் இந்தப் பக்கத்து மீனே இல்லை, பசிபிக் பக்கத்து இனத்தை 1960களின் பிற்பகுதியில் ஒன்ராறியோ ஏரியில் கொண்டுவந்து விட்டார்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு அந்த மீன்களில் ஒரு பாசம் வந்தது உண்மை. மூன்று நாலு வயதில் திரும்பி வரும் என்றதும் மகன் "எனக்கும் நாலு" என்று விரலைக் காட்டினான்.

அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. செத்துவிட்டது என்றே சொன்னார், மகனும் பயப்படவில்லை. காருக்கு வந்து சீட் பெல்ட் மாட்டும்போதுதான் கேட்டான்: "அப்ப அப்பப்பா?"

ஆவணியில் இவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் காலமானார். நாங்கள் மகனிடம் "அப்பப்பா தூரத்துக்குப் போட்டார்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தோம். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோ கோலில் அப்பம்மாவிடம் அவன் "அப்பப்பா வந்திட்டாரா?" என்று கேட்பான், அவர் ஃபோனை யாரிடமாவது கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும், தெரிந்தும் இரண்டு மாதமாக அப்படியே விட்டிருந்தோம். அன்று பார்க்கிங்கில் நின்றபடியே சொன்னேன், அப்பப்பா செத்துவிட்டார், இனி வரமாட்டார் என்று. "ஃபோனிலயும் கதைக்க மாட்டாரா?" என்றான். மாட்டார் என்றேன். கொஞ்ச நேரம் அழுதான், நானும்தான். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது "நான் சொல்லியிருக்க வேணும்" என்றார், அவ்வளவுதான்.

பதில் – பிராம்ப்டனிலிருந்து

அக்கா, வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எனக்கு நடந்தது சின்ன விஷயம், ஆனால் இதே மாதிரிதான்.

மகளுக்கு மூன்று வயது, டேகேரில் விடும்போது அழாமல் இருக்கக் கோடை முழுக்க "இருட்டுறதுக்கு முன்னம் அம்மா வந்திடுவன்" என்று சொல்லிப் பழக்கிவிட்டேன். நவம்பர் 3 ஞாயிறு குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தார்களே, அதற்கு அடுத்த நாள் நான் வழமை போல ஐந்தரைக்குத்தான் போனேன். இப்போது ஐந்து மணிக்கே சூரியன் போய்விடுகிறது. பிள்ளை குளிர்ச்சட்டையோடு கதவடியில் நிற்கிறாள், முகமெல்லாம் வீங்கிக் கிடந்தது. அம்மா மறந்துபோனாள் என்று நினைத்திருக்கிறாள். அங்கே இருந்த ஆசிரியை அவளை யன்னலடியில் தூக்கி வைத்துக்கொண்டு வரும் கார்களின் விளக்குகளை எண்ணிக் காட்டியிருக்கிறார், பதினாறாவது கார் என்னுடையது. அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

நித்திரைக்காக நேரம் மாறுவதற்கு ஒரு கிழமை முன்பே தினமும் பத்து நிமிடம் தள்ளித் தள்ளிப் படுக்க வைத்தேன், அது நன்றாகவே வேலை செய்தது. இருட்டை யோசிக்கவில்லை. இப்போது "பின்னேரச் சாப்பாடு முடிஞ்சு, விளையாடி முடிய வருவன்" என்றுதான் சொல்கிறேன்.

பதில் – மிசிசாகாவிலிருந்து

நாங்கள் மதுரைக்காரர்கள். இந்த வருஷம் தீபாவளியும், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31ல் வந்ததல்லவா, ஆறு வயசுப் பெண் பட்டுப் பாவாடையைக் கழற்ற மாட்டேன் என்று அதோடவே மிட்டாய் வாங்கக் கிளம்பினாள், மேலே ஒரு ஜாக்கெட். யாராவது என்ன வேடம் என்று கேட்டால் 'இளவரசி'ன்னு சொல்லிடும்மா, வாசலில் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன். மூணாவது வீட்டில் ஒரு பாட்டி கேட்டார். இவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு "இது வேஷம் இல்ல, எங்க தீபாவளி டிரஸ்" என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னாள். அந்தப் பாட்டி கதவை முழுசாகத் திறந்து தீபாவளி என்றால் என்ன என்று கேட்டார், குளிரில் பத்து நிமிஷம் நின்று கேட்டார். நரகாசுரன் கதையில் பாதியை இவளே சொன்னாள். மறுநாள் நானும் அவளும் அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். நாலு வருஷமாக அதே தெருவில் இருக்கிறோம், அன்றைக்குத்தான் அவரோடு முதல்முறையாகப் பேசினேன்.

முதலில் எழுதியவர்

இருவருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது. போன ஞாயிறு வீடியோ கோலில் மகன் அப்பப்பாவைக் கேட்கவில்லை. மீன் குழி தோண்டின கதையை முழுக்க அப்பம்மாவுக்குச் சொன்னான், வாலால் அடிப்பதையெல்லாம் செய்து காட்டினான். அவரும் எழுந்து போகவில்லை, கடைசிவரை இருந்து கேட்டார். குஞ்சு வரும்போது தானும் வந்து பார்க்க வேண்டும் என்றார். விசாவுக்குப் போட்டிருக்கிறோம்.