300 பிளைண்ட் வைத்து வீட்டில் ஆடும் போக்கர்: இன்னும் உறுத்துகிற கை எது?

வெள்ளிக்கிழமை மேஜை:
எங்கள் ஆட்டம் 5/10 பிளைண்ட் (கார்டைப் பார்க்காமலே இருவர் போட வேண்டிய தொகை), ஆளுக்கு 3,000 சிப்ஸ், அதாவது பெரிய பிளைண்டைப் போல 300 மடங்கு. எனக்கு இரண்டு ஏஸ். 40க்கு ரெய்ஸ் செய்தேன் (தொகையை ஏற்றினேன்), இரண்டு பேர் வந்தார்கள். ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுக் கார்டு) 9-8-3, ஃப்ளஷுக்கு (ஒரே கலரில், எல்லாம் ஹார்ட் என்பது மாதிரி, ஐந்து கார்டு) வழியே இல்லை. 90 போட்டேன், ஒருவன் மட்டும் கால் (அதே தொகையைப் போட்டுத் தொடர்ந்தான்). டர்னில் (நாலாவது பொதுக் கார்டில்) 2 வந்தது. 200 போட்டேன். அதுவரை சிப்ஸை அள்ளி வீசிக்கொண்டிருந்தவன் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தான். நூறு நூறாக எட்டு சிப்ஸை அடுக்கினான், இரண்டு விரலால் அடுக்கை நேராக்கினான், மெதுவாக முன்னால் நகர்த்தினான். 800.

ஆளுக்கு 1,000 மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். மிச்சம் 670தான், அதையும் போட்டுவிட்டுக் கார்டைத் திருப்பச் சொல்லலாம். இங்கே கால் செய்ய 600, அதற்குப் பிறகு ரிவரில் (ஐந்தாவது, கடைசிக் கார்டில்) இன்னும் 2,070 காத்திருக்கிறது. ஒரே ஒரு ஜோடியை நம்பி அவ்வளவையும் வைக்க மனம் வரவில்லை. ஃபோல்ட், கார்டை மடித்துவிட்டேன். அவன் கார்டைக் காட்டவில்லை. கல்லூரிக் காலத்து நண்பன், இன்றுவரை கேட்டாலும் சிரிக்கிறானே தவிர வாயைத் திறப்பதில்லை.

நாலு நாலு:
அந்த இடத்தில் ஏஸை மடிக்காமல் வேறு என்ன செய்வது? முறுக்குத் தட்டையே தள்ளி வைத்தார் என்றால் செட்தான் (கையில் ஜோடி, அதே கார்டு நடுவிலும் ஒன்று).

என் கதையில் அப்படி செட் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவன் நான். கையில் 4-4. ஃப்ளாப்பில் செட் விழுவது கிட்டத்தட்ட எட்டரைக்கு ஒரு தடவைதான். ஆனாலும் எதிரில் 3,000 இருக்கும்போது 40 கொடுத்துப் பார்க்கலாம். ஃப்ளாப் ராஜா-ஜாக்-4. எதிரில் இருந்த நண்பரிடம் ஏஸ்-ராஜா. மூன்று சுற்றும் பணம் போனது, ரிவரில் நான் ஆல்-இன், மிச்சம் எல்லாவற்றையும் போட்டேன். உடனே கால் செய்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகக் கார்டைத் திருப்பினார். பிறகுதான் என் நாலுகளைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எழுந்து, மேஜையில் கிடந்த டீ கிளாஸ்களை எல்லாம் எடுத்துக்கொண்டுபோய்க் கழுவ ஆரம்பித்துவிட்டார். அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நான் ஆடியது சரிதான், நாளைக்கும் அப்படித்தான் ஆடுவேன். ஆனால் அந்தப் பணம் கையில் ஒட்டவில்லை.

ரிவர்வாசி:
வெள்ளிக்கிழமை சார், செட்தான் என்று நாலு நாலு அடித்துச் சொல்வதை நம்பாதீர்கள். 9-8 வைத்து இரண்டு ஜோடி இருந்திருக்கலாம். ஜாக்-10 வைத்து ஸ்ட்ரெயிட்டுக்குக் (வரிசையாக ஐந்து கார்டு) காத்திருந்தவரும் அதே மாதிரி அடுக்கலாம். ஃபோல்ட் சரி, காரணம்தான் வேறு: டர்னில் கால் செய்தால் ரிவரில் அதைவிடப் பெரிய தொகைக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

என் கதை சின்னது. ராணி வைத்து ஃப்ளஷ், எதிரில் ஏஸ் வைத்து ஃப்ளஷ், 400 பிளைண்ட் போனது. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்கு மத்திய அரசு தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகு, அதில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நிறையப் பேர் எங்கள் வீட்டு மேஜைக்கு வந்தார்கள். பழகியது 100 பிளைண்டில். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருகிறார்கள். ஏஸ்-ஜாக் கலர் சேராமல் வந்தால் 100 பிளைண்டில் நல்ல கை. 300இல் அது சின்ன பாட்டை (நடுவில் சேர்ந்த மொத்தப் பணத்தை) ஜெயிக்கும், பெரிய பாட்டைத் தோற்கும். அதே கலரில் ஏஸ்-5 வந்தால் அதன் மதிப்பு ஏறுகிறது, ஏனென்றால் ஃப்ளஷ் அடித்தால் அதற்கு மேல் ஃப்ளஷ் கிடையாது. கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் இன்னும் தாராளமாக உள்ளே வரலாம், முதலில் பேச வேண்டியவர் அப்படி வரக்கூடாது. உங்கள் முன்னால் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதும் முக்கியமில்லை. இரண்டு பேரில் யாரிடம் குறைவோ அதுதான் அந்தக் கையின் ஆழம். நடுராத்திரியில் யாராவது 20 ஸ்ட்ராடில் (கார்டு பார்க்கும் முன்பே இஷ்டப்பட்டுப் போடும் இரட்டைப் பிளைண்ட்) போட்டால் உங்கள் 300 பிளைண்ட் 150 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஸ்ட்ராடிலை அனுமதிக்காதீர்கள், அது ஆட்டத்தைக் கெடுக்கும். அப்புறம், நண்பர்களிடம் பிளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் பெரிய தொகை போட்டுப் பயமுறுத்துவது) வேண்டவே வேண்டாம். என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசைக்காகவே கால் செய்வார்கள்.

அடையாறு:
பார்க்கும் ஆசையா? எங்கள் மேஜையில் பெண் நான் ஒருத்திதான். போன மாதம் ரிவரில் அண்ணன் ஒருவர் பாட் அளவுக்கு 900 போட்டார். என்னிடம் வெறும் 6 ஜோடி. நல்ல கை வந்தால் அவர் எப்போதும் பாதிப் பாட்தான் போடுவார், நாம் ஓடிவிடக்கூடாது என்று. முழுப் பாட் போட்டு நான் பார்த்ததே இல்லை. போர்டில் (நடுவில் உள்ள பொதுக் கார்டுகளில்) இரண்டு ஹார்ட், மூன்றாவது வரவே இல்லை. கால் செய்தேன். ஹார்ட் ஃப்ளஷுக்குக் காத்திருந்து தவறிப்போன கை. மேஜையே சிரித்தது: "சும்மா பார்க்கத்தானே கால் பண்ணினே, அதிர்ஷ்டம்!" சிப்ஸை இழுக்கும்போது விளக்க ஆரம்பித்தேன், அதற்குள் அடுத்த கையைப் பிரித்துவிட்டார்கள். வாரக்கணக்கில் ஒருவரைக் கவனித்து எடுத்த முடிவு அது. அதை ஆசை, அதிர்ஷ்டம் என்று எழுதாதீர்கள் ரிவர்வாசி.

ஸ்ட்ராடில் விஷயத்திலும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். நாலு நாலு சொன்ன நண்பர் மாதிரி ஒருவர் ஒரே கையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வராமல் போவதைவிட, கடைசி ஒரு மணி நேரம் எல்லோரும் சம்மதித்து 20 ஸ்ட்ராடில் வைத்து ஆழத்தைக் குறைப்பது மேல். பிளைண்டை ஏற்றாமல் ஆளுக்குப் பாதி சிப்ஸ் மட்டும் வாங்கி உட்காரலாம் என்றாலும் சரிதான். நாலு நாலு, முதலில் அவருக்கு ஃபோன் போடுங்கள்.