பிளிக்கரில் கிடக்கும் கூந்தன்குளம் படங்களைப் பொதுவகத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

குளத்தங்கரை:

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தின் பறவைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். படம் இல்லாததுதான் பெரிய குறை. தேடியதில், படம் பகிர்கிற தளமான பிளிக்கரில் ஒருவருடைய கணக்கு கண்ணில் பட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று போட்டிருக்கிறார், வருடா வருடம் வந்து எடுத்திருப்பார் போல. ஊருக்குள்ளேயே மரத்தில் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும் மஞ்சள் மூக்கு நாரை, கீழே எச்சம் விழுந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிப்போன ஓட்டுக்கூரை, அந்தக் கூரை நிழலில் பாத்திரம் தேய்க்கிற அம்மா. ஒரே ஆல்பத்தில் 180 படம்.

அதில் இரண்டை இறக்கி, விக்கிப்பீடியாவுக்குப் படம் வைக்கிற கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஒன்று நிற்கிறது, இன்னொன்றை மறுநாளே நீக்கிவிட்டார்கள். இரண்டும் அவர் எடுத்ததுதான், இரண்டிலும் 'சில உரிமைகள் மட்டும்' என்றுதான் இருந்தது. நான் என்ன தப்பு செய்தேன்? மீதி 178-ஐயும் இப்படி ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றத்தான் வேண்டுமா?

கூழைக்கடா:

'சில உரிமைகள் மட்டும்' என்கிற அந்த வரி ஏமாற்றும். அதன் மேல் சொடுக்கினால்தான் எந்த உரிமம் என்று திறக்கும். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டி அனுமதி கொடுக்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஆறு வகை உண்டு. பெயர் சொன்னால் போதும் என்கிற 'பை', பெயரும் சொல்லி அதே உரிமத்திலேயே பகிரவும் வேண்டும் என்கிற 'பை எஸ்ஏ', இந்த இரண்டைத்தான் பொதுவகம் ஏற்கும். உரிமையை முழுசாக விட்டுக்கொடுக்கிற சிசி ஜீரோவும் சரி. 'என்சி' என்று இருந்தால் வணிகத்துக்கு ஆகாது, 'என்டி' என்று இருந்தால் படத்தில் கைவைக்கக் கூடாது, இதில் எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் தூக்கிவிடுவார்கள். உங்களுடைய இரண்டாவது படத்தில் என்சி இருந்திருக்கும், போய்ப் பாருங்கள். விக்கிப்பீடியா லாபத்துக்கு நடத்துவது இல்லையே என்று வாதாடாதீர்கள், நான் வாதாடி ஓய்ந்தவன். நாளிதழோ, நோட்ஸ் போடுகிற பதிப்பகமோ எடுத்துப் பயன்படுத்த முடியாத படம் அங்கே இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

கையால் ஏற்ற வேண்டாம். மாக்னஸ் மான்ஸ்கே எழுதிய பிளிக்கர்2காமன்ஸ் என்ற கருவி இருக்கிறது. பொதுவகக் கணக்கில் புகுபதிகை செய்து ஆல்பத்தின் எண்ணைக் கொடுத்தால் எதை ஏற்றலாம், எது ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். ஆனால் அது படத்தின் தலைப்பையும் அப்படியே அள்ளிக்கொண்டு வரும். அவர் 'கூந்தன்குளம் 12', 'கூந்தன்குளம் 13' என்று வைத்திருந்தால் நீங்கள்தான் உட்கார்ந்து எந்தப் பறவை, எந்த மாதம் என்று மாற்றி, எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று காட்டுகிற பகுப்பும் போட வேண்டும். பகுப்பு இல்லாத படம் கிணற்றில் போட்ட கல்தான்.

உப்பளம்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். ஏற்றியதும் ஒரு தானியங்கி நிரல் பிளிக்கர் பக்கத்துக்கே போய், அதே படம் அங்கே இருக்கிறதா, இன்ன தேதியில் இன்ன உரிமம்தான் இருந்ததா என்று பார்த்துப் பொதுவகத்தில் முத்திரை குத்தும். அந்த முத்திரைதான் உங்கள் ரசீது.

நான் பட்டதைச் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் பிளிக்கரை ஸ்மக்மக் என்ற நிறுவனம் வாங்கியது, அந்த நவம்பரில் இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று அறிவிப்பு வந்தது. எல்லாம் போய்விடப் போகிறது என்று பதறி, ஒருவருடைய தேர்த் திருவிழாப் படங்களை ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றினேன். வீட்டில் நெட் மெதுவாக இருந்ததால் எல்லாவற்றையும் சுருக்கிச் சுருக்கி ஏற்றினேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன். அளவு பொருந்தாததால் தானியங்கிக்கு அடையாளம் தெரியவில்லை, மனிதர் யாராவது பார்க்கட்டும் என்று வரிசையில் போட்டுவிட்டது. அந்த வரிசை நகர்வதற்குள் படமெடுத்தவர் தன் கணக்கையே மூடிவிட்டார். ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது, உண்மைதான், ஆனால் கொடுத்தார் என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? முப்பத்தொரு படம் போயிற்று. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களை அந்த 1,000-ஐத் தாண்டினாலும் நீக்க மாட்டோம் என்று அப்புறம் அவர்களே சொல்லிவிட்டார்கள். பதறியிருக்கவே வேண்டியதில்லை.

ஆக, இருக்கிற பெரிய அளவிலேயே ஏற்றுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் முத்திரை விழுந்த பிறகு.

சந்தேகப்பிராணி:

180-ம் அவர் எடுத்ததுதான் என்று எப்படித் தெரியும்? பிளிக்கரில் யார் வேண்டுமானாலும் யார் படத்தையும் போட்டுப் 'பை' என்று சொல்லிவிடலாம், தானியங்கி அதையும் நம்பி முத்திரை குத்தும். அதற்கு உரிமம்தான் தெரியும், ஆளைத் தெரியாது. படத்தோடு வரும் கேமரா விவரத்தைப் பாருங்கள். 170 படம் ஒரே கேமராவில் இருந்து, பத்து மட்டும் விவரமே இல்லாமல் சின்ன அளவில் இருந்தால் அந்தப் பத்தைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 'பை' உரிமத்துக்கு அனுமதி தேவையில்லை, தெரியும். ஆனாலும் ஒரு மனுஷன் வெயிலில் நின்று எடுத்த படத்தை மொத்தமாக அள்ளும்போது சொல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குளத்தங்கரை:

நன்றி. கூழைக்கடா சொன்னது சரி, நீக்கப்பட்டதில் என்சி இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 61 படம்தான் 'பை', மீதி எல்லாம் என்சி. பிளிக்கர் மெயிலில் அவருக்கு எழுதியிருக்கிறேன்.

இதற்குள் வேறு ஒரு சந்தேகம். அந்த 61-இல் இரண்டு, சுவரில் வரைந்த பூநாரை ஓவியத்தை எடுத்தவை. ரொம்ப நன்றாக இருக்கின்றன. ஏற்றலாமா?

கூழைக்கடா:

வேண்டாம். படத்துக்கு உரிமை அவருக்கு, ஓவியத்துக்கு உரிமை வரைந்தவருக்கு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டடத்தையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையையும் படமெடுக்க விடுகிறது, சுவர் ஓவியத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த ராய் சௌத்ரி இறந்தது 1975-இல், அவர் உரிமை இன்னும் முடியவில்லை, ஆனாலும் சிலையின் படத்தை ஏற்றலாம். சென்னைக் கண்ணகி நகரில் அடுக்குமாடிச் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்களே, அதை ஏற்றினால் நீக்கக் கோரிக்கை வந்து நிற்கும். பழைய கோயில் சுவரோவியம் என்றால் கதை வேறு, வரைந்தவர் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன.

என்சி படங்களுக்கு அவர் சம்மதித்தால் ஒவ்வொன்றாக மாற்றச் சொல்லி அவரைக் கொல்லாதீர்கள். பிளிக்கரில் ஆர்கனைஸ் பக்கத்தில் படங்களை மொத்தமாகக் கீழே இழுத்துப் போட்டு ஒரே தடவையில் உரிமத்தை மாற்றலாம். உங்களுக்கு மட்டும் மெயிலில் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினால் செல்லாது, பிளிக்கர் பக்கத்திலேயே மாறிவிட்டால் சிக்கல் இல்லை.

குளத்தங்கரை:

பதில் வந்துவிட்டது! என்சி போட்டால்தான் தன் பெயர் நிலைக்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாராம். 'பை'யிலேயே பெயர் போட்டாக வேண்டும் என்று சொன்னதும், அப்படியா, அப்ப எதுக்கு அது என்று கேட்டார். நாளிதழ்காரர்கள் காசு கொடுக்காமல் போடுவார்களே என்பதையும் மறைக்காமல் சொன்னேன். இப்பவும் கேட்காமல்தானே போடுகிறார்கள், இனிமேலாவது பேர் போட்டாகணுமே என்றார்.

அன்று சாயங்காலமே 104 படத்தை மாற்றிவிட்டார். பதினைந்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறார், ஊர்க்காரர்கள் முகம் தெரிகிற படங்கள், அது வேண்டாமே என்றார். அந்தப் பாத்திரம் தேய்க்கிற அம்மா படமும் அதில் ஒன்று, எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அவர் சொல்வது நியாயம். கேமரா விவரமும் பார்த்தேன், இரண்டே கேமராதான்.

சுவர் ஓவியம் இரண்டையும் கழித்தால் 163. எந்தக் கூடு எந்த மரத்தில், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாராம், பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நாளைக்கு முதல் இருபதை ஏற்றுகிறேன். குஞ்சுப் பருவத்து நாரைகளைச் சரியாக அடையாளம் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் பகுப்பு போடும்போது கூட இருங்கள்.